கொதிக்கும் சக்கரத்தில் ஊற்றிய தண்ணீர்

அப்பு,

நீ மதுரையிலிருந்து ரயிலேறி வந்து சேர்வதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும். வாயால் சொன்னால் நீ கேட்கப் போவதில்லை. "வண்டி" என்று நான் ஆரம்பித்தாலே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிவிடுகிறாய். உன் அப்பாவோ பந்தக்கால் ஊன்றிய வீட்டில் விபத்து, விரிசல் என்று பேசுவது அபசகுனம் என்று என் வாயை அடைக்கிறார். இனி நல்ல வார்த்தை மட்டும்தான் பேச வேண்டுமாம். நல்ல வார்த்தை பேசிக்கொண்டே பெற்ற பிள்ளையைப் பள்ளத்துக்கு அனுப்பிவைக்க எனக்கு மனசு வரவில்லை. பேசத்தானே கூடாது, எழுதலாம் அல்லவா? ஒன்பதாவதோடு நின்றவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். ஜீப்பு ஸ்டாண்டில் யார் இதை வாங்கிப் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளை விடிந்ததும் நீ உன் ஜீப்பை எடுத்துக்கொண்டு மலையேறி, மலரையும் அவள் வீட்டாரையும் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக இறங்குவதாக ஏற்பாடு. பொண்ணழைப்புக்கு மாப்பிள்ளையே வண்டி ஓட்டிக்கொண்டு போவது நம் சனத்தில் இல்லாத வழக்கம். "என் பொண்டாட்டிய என் வண்டியில நான்தான் கூட்டியாருவேன்" என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய். காப்புக் கட்டுவதற்கு முன்னால்தானே என்று பெரியவர்களும் விட்டுவிட்டார்கள். எனக்கும் அதில் பெருமைதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வண்டியின் பிரேக் டிரம்மில், சக்கரத்துக்குள் பிரேக் பிடிக்கிற அந்த இரும்புக் கிண்ணத்தில், எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அதை நம்பி அத்தனை உயிரை நீ ஏற்றக் கூடாது. இந்தக் கடிதம் முழுக்க இது ஒன்றுதான் சங்கதி.

போன வாரம் மலர் வீட்டுக்குச் சேலை கொடுத்துவிட்டுத் திரும்பினோமே, அன்றைக்கு நடந்ததை உனக்கு நினைவுபடுத்துகிறேன். நீயும் உன் சேக்காளிகளும் முன்னால், நானும் செல்விச் சித்தியும் பின்னால். மெட்டைத் தாண்டியதும் நீ கியரை எடுத்து நியூட்ரலில் விட்டாய். டீசல் மிச்சமாம். எஞ்சின் பிடிக்காத வண்டியைப் பிரேக் மட்டும்தான் பிடிக்க வேண்டும், ஒவ்வொரு வளைவிலும் நீ அதன் தலையில் ஏறி மிதித்தாய். பாதி மலை இறங்குவதற்குள் கருகல் நாற்றம் வந்துவிட்டது. சித்தி என் பக்கம் திரும்பி மூக்கைக் காட்டினாள். நான் உன்னைக் கூப்பிட்டேன், பாட்டுச் சத்தத்தில் உனக்குக் கேட்கவில்லை. ஓடை வளைவில் பின்சக்கரத்திலிருந்து புகை வருவதைப் பார்த்து நீயே நிறுத்தினாய். அதுவரைக்கும் சரி. நிறுத்தியது நல்ல புத்தி. அதற்குப் பிறகு செய்ததுதான் என்னை இந்தப் பேனாவைத் தூக்க வைத்தது.

உன் சேக்காளிகள் ஓடையில் கேனை முக்கி, ஐஸ் மாதிரி இருக்கிற மலைத் தண்ணீரைக் கொண்டுவந்து சக்கரத்தில் ஊற்றினார்கள். சுரீர் என்று ஆவி எழும்பியது. ஒருவன் செல்போனில் படம் பிடித்தான். "மாப்ளே, வண்டி பீடி குடிக்குதுடா" என்றான் இன்னொருவன். நீ சிரித்தாய். நான் வண்டிக்குள்ளிருந்து, "ஊத்தாதீகப்பா, ஆற விடுங்க" என்று கத்தினேன். நீ என்ன சொன்னாய் தெரியுமா? "பேசாம உக்காரும்மா. ஜீப்பைப் பத்தி ஒனக்கென்ன தெரியும்?" என்றாய். அந்த நேரம் சித்தி என் கையைப் பிடித்திருந்தாள். அவள் நகம் பதிந்த தடம் வீடு வந்து சேர்ந்த பிறகும் என் கையில் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உன் சேக்காளிகளில் ஒருவன், "சித்திக்கு வயித்தக் கலக்குது போல" என்றான். அதற்கும் நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை, அப்பு.

அதற்கப்புறம் நீ பிரேக்கை மிதித்தபோதெல்லாம் வண்டி நடுங்கியது. முன்பு இல்லாத நடுக்கம். அது மிதிகட்டையிலிருந்து உன் காலுக்கும் வந்திருக்கும், வராமல் இராது. மலையடிவாரத்தில் முந்தல் வந்து சமதளம் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. வீட்டில் இறங்கியதும் டிரம்மைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். கல்யாணச் சோலி தலைக்கு மேல் கிடக்கிறது, வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது என்றாய். மறுநாளும் சொன்னேன். அடுப்படியில் நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். நீ தோசைக்கல்லைக் காட்டி, "தெனமும் சூட்டுக்கல்லுல தண்ணி தெளிச்சு வெளக்குமாத்தால தேய்க்கிறயே, அது என்னைக்காவது வெடிச்சிருக்கா?" என்று கேட்டாய். உன் அப்பா சிரித்தார். ஜெயித்துவிட்டதாக நினைத்து நீ இன்னொரு தோசை கேட்டாய்.

பதில் இப்போது சொல்கிறேன். தெளிப்பது வேறு, கொட்டுவது வேறு. கை நனைத்துத் தெளிக்கிற தண்ணீர் கல்லைத் தொட்டதுமே ஆவியாகிவிடும், கல்லின் சூடு அசையாது. ஆனால் நீ பள்ளிக்கூடம் போகும்போது நமக்கு ஒரு வார்ப்புப் பணியாரச் சட்டி இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு அதைத் தொட்டித் தண்ணீரில் போட்டேன். டப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். குறுக்கே இரண்டாகிவிட்டது. இரும்பு சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும், இது உனக்கும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததுதான். மெதுவாக ஆறினால் மொத்த இரும்பும் ஒன்றாகச் சுருங்கும், ஒரு வம்பும் இல்லை. திடீரென்று குளிர்ந்த தண்ணீர் விழுந்தால் மேல்பக்கம் வெடுக்கென்று சுருங்கிவிடும். உள்பக்கம் இன்னும் கொதித்துக்கொண்டு விரிந்தே இருக்கும். ஒரே இரும்புக்குள் இழுபறி. கம்பியாக இருந்தால் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். டிரம்மு வார்ப்பிரும்பு, அதற்கு வளையத் தெரியாது. பணியாரச் சட்டி உடைந்தால் சட்டியோடு போயிற்று. டிரம்மில் விழுகிற விரிசல் அன்றைக்கே உடைவதில்லை, மயிர் மாதிரி ஒரு கீறலாகப் படுத்துக்கிடக்கும். அடுத்த முறை சூடேறும்போது இன்னும் கொஞ்சம் நீளும். நீளுவதை யாரும் பார்ப்பதில்லை. அதுதான் எனக்குப் பயம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். ஏலக்காய் எடுக்கப்போன பொம்பளைகளில் உன் அம்மாவும் ஒருத்தி என்பதை நீ மறந்துவிட்டாய். விடியும் முன்னே ஜீப்பில் அடைந்துகொண்டு மேலே போய், பொழுது சாய இறங்கின சனம் நாங்கள். ஓட்டத் தெரியாது, ஆனால் ஒரு டிரைவர் எந்த வளைவில் எந்தக் கியர் போடுகிறான் என்பது எங்கள் இடுப்புக்குத் தெரியும். எங்களை அப்போது கூட்டிப்போனவர் தங்கையா அண்ணன். இறங்கும்போது சக்கரம் சூடேறிவிட்டால் ஓடை வளைவில் நிறுத்துவார். நாங்கள் இறங்கி, சாப்பாட்டு வாளியைக் கழுவுகிற சாக்கில் ஓடையில் மொண்டு சக்கரத்தில் ஊற்றுவோம். மாட்டுக்குத் தண்ணி காட்டுவது மாதிரி வண்டிக்கும் தண்ணி காட்டுகிறோம் என்று நினைப்பு. ஆவி சுரீரென்று கிளம்ப ஒருத்தி குலவை போடுவாள். அன்றாடம் குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போன பொம்பளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. தடுக்க யாரும் இல்லை. எல்லா ஜீப்பிலும் அப்படித்தான் செய்தார்கள். ஊரே செய்கிற காரியத்தில் தப்பு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

செல்விச் சித்தி விபத்தில் கால் போனவள் என்று உனக்குத் தெரியும். பிரேக் பிடிக்காமல் போய்விட்டது, விதி என்று சொல்லி உன்னை வளர்த்தோம். விதி இல்லை, அப்பு. அன்றைக்கு நல்ல மழை பெய்து விட்டிருந்தது. வண்டி நிறைய ஆள், கூடவே காய்ச்சாக்கு வேறு. தங்கையா அண்ணன் வழக்கம் போல ஓடையில் நிறுத்தினார். வழக்கம் போல ஊற்றினோம். ஏறிக் கிளம்பி ஒரு வளைவு தாண்டினோம். அடுத்த வளைவுக்கு அவர் மிதித்தபோது கீழே டங்கென்று ஒரு சத்தம், யாரோ சம்மட்டியால் அடித்தது போல. வண்டி நிற்கவில்லை. முன்னைவிட வேகமாகப் போனது. அவர் காலைத் தூக்கித் தூக்கி மிதிப்பதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை, வெறும் ஆகாயம். "ஆத்தா, புடிச்சுக்கங்க, புடிச்சுக்கங்க" என்று அவர் அலறியது இப்போதும் என் காதில் இருக்கிறது. நான் யார் காலையோ பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடவில்லை. மூடினால் செத்துப்போவேன் என்று ஒரு நினைப்பு.

அவர் வண்டியைப் பாறைப் பக்கம் திருப்பினார். அது ஒன்றுதான் வழி. உரசிக்கொண்டே போய், முட்டி, ஒருச்சாய்ந்து நின்றது. ஆகாயத்துப் பக்கம் போயிருந்தால் இந்தக் கடிதம் எழுத ஆள் இருந்திருக்காது, உனக்கும் அம்மா என்று ஒருத்தி இருந்திருக்க மாட்டாள். நீ அப்போது சிலமலையில் உன் மாமன் வீட்டில் தவழ்ந்துகொண்டிருந்தாய். செல்வி பாறைப் பக்கத்து ஓரத்தில் காலை வெளியே நீட்டி உட்கார்ந்து வந்தவள். எல்லோரும் இறங்கினோம், அவள் இறங்கவில்லை. "அக்கா, என் காலு எங்கக்கா இருக்கு?" என்று கேட்டாள். வலிக்கிறது என்று சொல்லவில்லை. அப்படிக் கேட்டாள். கால் இருந்தது, ஆனால் அதற்கப்புறம் அது காலாக இல்லை. அவளுக்குப் பேசியிருந்த சம்பந்தமும் அந்த மாதமே கலைந்துபோனது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஆளை அனுப்பி, தட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கட்டிலில் கிடந்தபடி உன்னை அணைத்து வைத்துக்கொண்டு அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் அவளுக்கு நீதான் எல்லாம், அது உனக்கே தெரியும்.

டிரம்மு மூன்று துண்டாகக் கிடந்தது. உடைந்த விளிம்பில் கொஞ்சம் இடம் புதிதாகப் பளபளத்தது, மற்ற இடமெல்லாம் பழைய துரு. தங்கையா அண்ணன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னைக்கி ஒடைஞ்சதில்ல தாயீ. எத்தனையோ நாளா ஒடைஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. நாம ஊத்துன தண்ணிதான் தின்னுருச்சு" என்று அழுதார். அதோடு ஸ்டியரிங்கைத் தொடவில்லை, மனுசன். இதை ஏன் உன்னிடம் மறைத்தோம் என்றால், அன்றைக்குக் கடைசியாக வாளியில் மொண்டு ஊற்றியவள் செல்விதான். ஊருக்குத் தெரிந்தால் தன் காலைத் தானே வாங்கிக்கொண்டாள் என்று பேசுவார்கள். நாக்குக்கு எலும்பா இருக்கிறது? அதனால் நானும் அவளும் விதி என்று சொல்லி மூடிவிட்டோம். அவள் ஊற்றிய வாளியால் மட்டும் உடையவில்லை, நாங்கள் அத்தனை பேரும் அத்தனை நாளும் ஊற்றியதால் உடைந்தது அது. எந்த வாளி கடைசி வாளி என்று யாருக்குத் தெரியும்? இதை அவளுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். தலையை ஆட்டுவாள், நம்ப மாட்டாள். இன்று காலையில் இந்தக் கடிதத்தைப் பற்றி அவளிடம் கேட்டேன். "எழுதுக்கா. நான் ஊத்துனேன்னே எழுது. புள்ளைக்கு வெளங்கட்டும்" என்றாள். ஓடை வளைவில் அவள் என் கையை ஏன் அப்படிப் பிடித்தாள் என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும்.

பொம்பளை சொல்வது ஏறாவிட்டால் உன் அப்பாவைக் கேள். அவர் வாயைத் திறந்து சொல்ல மாட்டார், கிண்டிக் கேட்க வேண்டும். பாதி ஆயுசை ஏலக்காய் ஸ்டோரில் அடுப்புக்கு முன்னால் கழித்தவர். பச்சைக்காயைக் காயவைக்கிற அந்த அறைக்குச் சூட்டைக் கொண்டுபோகிற இரும்புக்குழாயை அவர் எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று நீயே பார்த்திருக்கிறாய். விறகை ஒரேயடியாகத் திணிக்க மாட்டார், அணைக்கும்போதும் தானாக அடங்க விடுவார். ஒரு சீசனில் புதிதாக வந்த மேற்பார்வைக்காரன் ஏலத்துக்குச் சரக்கு வெரசாப் போக வேண்டும் என்று, காய் காய்ந்ததும் அடுப்பிலும் குழாயிலும் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றச் சொன்னான். அப்பா மாட்டேன் என்றார். அவன் வேறு ஆளை வைத்து ஊற்றினான். அப்போதைக்கு ஒன்றும் ஆகவில்லை, அவன் அப்பாவைப் பார்த்து மீசையை முறுக்கினான். அடுத்த நடை நெருப்புப் போட்டபோதுதான் குழாயின் அடிப்பக்கம் வாய் பிளந்திருந்தது தெரிந்தது. அறை முழுக்கப் புகை, காய் முழுக்கப் புகை நாற்றம். பச்சை நிறம் போய், வாசம் போய், அந்தச் சரக்கைக் கைநீட்டி வாங்க ஆளில்லை. அங்கே போனது காய். உன் வண்டியில் போவது காய் இல்லை.

நீ நன்றாக ஓட்டுகிறவன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சொந்தக்காரர்களிடம், "எம்மவன் மெட்டுலருந்து கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள கீழ வந்துருவான்" என்று பீற்றிக்கொண்டதும் நான்தான். அந்தப் பீற்றல்தான் உன் காலில் போய் உட்கார்ந்துகொண்டதோ என்று இப்போது நினைக்கிறேன். இனிமேல் உன் வேகத்தைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறக்க மாட்டேன். நீயும் ஏறுகிற கியரிலேயே இறங்கு, எஞ்சின் பிடிக்கட்டும். நாற்றம் வந்தால் ஓரம் கட்டு. சக்கரத்துக்குக் கல்லை அணை கொடு, கைப்பிரேக்கைக்கூடப் போட வேண்டாம், சூட்டில் போட்டால் அது பிடித்த இடத்தில் மட்டும் வெந்துகொண்டிருக்கும். பிறகு சும்மா உட்கார். காற்று ஆற்றும். ஏறி உட்கார்ந்திருக்கிறவர்கள் நேரமாச்சு, நேரமாச்சு என்று கத்துவார்கள். கத்தட்டும். மலையில் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்குக் காட்ட எனக்குச் செல்வி இருக்கிறாள்.

கல்யாணத்துக்குப் புத்தி சொல்ல வேண்டிய நேரத்தில் டிரம்மைப் பற்றியே எழுதுகிறேன் என்று தோன்றும். இரும்பையும் குடும்பத்தையும் ஒப்பிட்டு அழகாகப் பேச மண்டபத்தில் மைக் பிடிக்கிற ஆட்கள் வருவார்கள், அது அவர்கள் சோலி. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் பயமாக இருக்கிறது என்று சொன்னால் வண்டியை நிறுத்து. பயப்பட என்ன இருக்கிறது என்று விளக்கம் சொல்லாதே, முக்கியமாகச் சிரிக்காதே. நிறுத்திவிட்டு அப்புறம் கேள். உன் அப்பா அந்த விஷயத்தில் தங்கம். நான் பயந்தபோதெல்லாம் நின்றிருக்கிறார், காரணம் கேட்டதில்லை. பல தடவை நான் வீணாகத்தான் பயந்திருக்கிறேன். அப்போதும் நின்றார்.

இனி நீ கோபப்படப் போகிற இடத்துக்கு வருகிறேன். நீ ரயிலேறிப் போனதும் பாண்டியைப் பட்டறையிலிருந்து கூட்டிவரச் செய்தேன். சக்கரத்தைக் கழற்றச் சொன்னேன். அவன் ஸ்பேனரை எடுக்கவே இல்லை. "பெரியம்மா, மாப்ள வந்தா என்னைய உரிச்சுத் தொங்கவிட்ருவான்" என்றான். "ஒன்னைய உரிச்சா நான் உப்புத் தடவி விடுறேன், நீ கழட்டு" என்றேன். உன் அப்பா பந்தலுக்குக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அபசகுனம் என்று கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கொல்லைப் பக்கம் போய்ப் பெரிய கல்லாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு வந்து அச்சுக்குக் கீழே வைத்தார். முன்சக்கரம் இரண்டிலும் ஒன்றுமில்லை. பின்னால் வலப்பக்கம் நிறம் மாறி நீலம் பாய்ந்திருந்தது, அவ்வளவுதான். பாண்டிகூட என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தான். பிறகு இடப்பக்கத்து டிரம்மை இழுத்து வெளியே எடுத்துத் துடைத்தான். துடைத்த கை அப்படியே நின்றுவிட்டது. உள்பக்கம் விளிம்பிலிருந்து போல்ட்டு ஓட்டை வரைக்கும் ஒரு கீறல். நான் பார்த்தபோது எனக்குத் தெரியவே இல்லை. அவன் என் விரலைப் பிடித்து நகத்தை அதன்மேல் ஓட்டினான். நகம் தடுக்கி நின்றது. பாண்டி முகத்தில் வேர்த்துவிட்டது. "இத வச்சுக்கிட்டா பெரியம்மா அத்தன பேரு எறங்கினீங்க?" என்று கேட்டான். நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். உன் பெயரைச் சொல்லி அழுதேன், அதை எழுத எனக்கு வெட்கமில்லை.

புது டிரம்மு தேனியிலிருந்தோ மதுரையிலிருந்தோ வர வேண்டுமாம், வந்தாலும் முகூர்த்தத்துக்கு முன்னால் வேலை முடியாதாம். சீசன் நேரம், ஸ்டாண்டில் ஒரு ஜீப்பும் சும்மா நிற்கவில்லை, எல்லாம் ஆள் ஏற்றப் போய்விட்டது. பொண்ணழைப்பு எப்படி என்று எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. மலருக்கு நானே போன் போட்டேன். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன், சித்தி காலையும் சேர்த்து. எஸ்டேட்டுப் பிள்ளை, அவளும் ஜீப்பிலேயே வளர்ந்தவள்தானே. முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அத்தே, அந்த வண்டியில நான் ஏற மாட்டேன். நானே அவுககிட்டச் சொன்னா மொத சண்டையா ஆயிரும். நீங்களே எழுதிருங்க, நான் சொன்னேன்னே எழுதுங்க. நாங்க எல்லாரும் பஸ்சுல வர்றோம்." அவள் அப்பா பக்கத்திலிருந்து, கல்யாணப் பொண்ணு பஸ்சிலா வருவாள், ஊர் சிரிக்காதா என்று சத்தம் போட்டது எனக்கும் கேட்டது. "சிரிச்சிட்டுப் போகட்டும்ப்பா. உசுரோட வந்தா நானும் சேர்ந்து சிரிப்பேன்" என்றாள் அவரிடம். பூ வைத்த அன்றைக்கு இல்லை, சேலை கொடுத்த அன்றைக்கும் இல்லை, அப்பு. அந்த நிமிசத்தில்தான் அவள் எனக்கு மருமகள் ஆனாள்.

ஜீப்பு வாசலில் கல்லின் மேல் நிற்கிறது. டிரம்மு உன் கட்டிலில் இருக்கிறது, பாயை விரிப்பதற்கு முன் அதை எடுத்து நகத்தை ஓட்டிப் பார். அதற்கப்புறம் என்னைத் திட்டு, பாண்டியைத் திட்டு, உன் இஷ்டம். நான் திட்டு வாங்கத் தயாராக முழித்துத்தான் இருப்பேன். விடிந்ததும் மேலே போகிற முதல் பஸ்சில் ஏறிப் போ. மலர் போனை வைப்பதற்கு முன்னால் ஒன்று சொன்னாள், அதையும் எழுதச் சொன்னாள். இறங்கி வரும்போது ஜன்னல் ஓரத்தில் தான் உட்கார்ந்துகொண்டு பக்கத்து இடத்தில் துண்டைப் போட்டு வைப்பாளாம். நீ கோபித்துக்கொண்டு வராமல் போனாலும் அந்தத் துண்டை எடுக்க மாட்டாளாம், போடி வரைக்கும் அந்த இடத்தில் வேறு யாரையும் உட்கார விடமாட்டாளாம்.

இப்படிக்கு,
உன் அம்மா